கத்தாத பெட்டி

விடிவதற்குச் சற்று முன்னால் கொட்டிய மழை அரை மணி நேரம்கூடப் பெய்யவில்லை. ஆனால் பச்சைக்கல்லைக் கரைக்க அரை மணி நேரம் எதற்கு? செங்கல் சூளைப் பக்கம் வந்தே இராதவர்களுக்கு இது புரியாது. அவர்கள் பார்த்ததெல்லாம் சுட்ட கல். அச்சிலிருந்து தட்டிக் களத்தில் காயப் போட்ட கல் வெறும் மண்தான். தண்ணீர் பட்டால் முதலில் விளிம்பு போகும், பிறகு மூலை போகும், கடைசியில் வரிசை வரிசையாகக் குவியல்தான் மிஞ்சும். அன்று காலை அந்தக் களத்தில் மிஞ்சியிருந்தது அவ்வளவுதான். தார்ப்பாய்கள் மட்டும் ஓரமாக, சுருட்டி வைத்த மேனிக்குச் சுகமாகக் கிடந்தன.

சுருட்டி வைக்கச் சொன்னது களத்துச் சொந்தக்காரர் வீட்டு மருமகள்.

களத்து ஆட்கள் அவளை நேரில் அக்கா என்பார்கள். அந்தப் பக்கம் போனதும் 'அறிக்கை' என்பார்கள். எல்லாம் வீட்டுக் கூடத்தில் இருந்த வானிலைப் பெட்டியால் வந்த பேர். தூர தேசத்தில் இருக்கும் தங்கை வாங்கி வந்து கொடுத்தது அது. பெட்டியின் இன்னொரு பாதி வெளியே, மோட்டார் அறையின் தகரக் கூரை மேல் கம்பத்தில் இருந்தது. காற்றுக்குச் சுற்றும் கிண்ணங்கள், மழையைப் பிடிக்கும் புனல், தலையில் கட்டைவிரல் அகலத்துக்குச் சூரியத் தகடு, வயிற்றில் பேட்டரி. பகலில் தகடு பேட்டரிக்கு ஊட்டும். ராத்திரியில் பேட்டரி தாக்குப் பிடிக்கும். பாதிகள் இரண்டுக்கும் நடுவில் ஒயர் கிடையாது. காற்று வேகமெடுத்தாலோ முதல் சொட்டு விழுந்தாலோ கூடத்துப் பெட்டி கத்தும். அவள் எழுந்து ஓடி, வாசலில் தொங்கும் இரும்புத் துண்டைத் தட்டுவாள். ஆட்கள் ஓடி வந்து தார்ப்பாயை இழுப்பார்கள்.

பெட்டி வருவதற்கு முன்பு பயத்திலேயே தினமும் மூடினார்கள். மூடிய கல் உள்ளுக்குள்ளேயே வியர்க்கும், காயாது, சூளைக்குப் போனதும் வெடிக்கும். பெட்டி வந்த பிறகு கல் நன்றாகக் காய்ந்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லையே என்ற எரிச்சல் மாமனாருக்கு அப்போதிலிருந்தே உண்டு. இன்றைக்குக் கிடைத்துவிட்டது.

"தூக்கிக் குளத்துல போடு அதை!" அவர் களத்தின் நடுவில், சேற்றில் கணுக்கால் புதைய நின்று கத்தினார். "அண்ணாந்து வானத்தைப் பார்க்கச் சோம்பல். பெட்டி பார்த்துச் சொல்லுமாம், இவங்க படுத்துத் தூங்குவாங்களாம். நான் எந்தப் பெட்டியைப் பார்த்து மூடினேன்?"

வேறொரு நாளாக இருந்தால், நீங்கள் மூடி மூடித்தான் கல் காயவே இல்லை மாமா என்று சுடச்சுடச் சொல்லியிருப்பாள். இன்று குனிந்து, கரைந்த கல் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

களத்துக் குடிசையில் புருஷனோடு இருந்த அச்சுக்காரி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கல் அறுக்கும் அச்சைக் கழுவிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, குடிசைக்குள் போய்ப் பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

"மத்தியானம் மண் லாரி வரும்ல, அதுலயே நாங்க கெளம்பறோம்க்கா. ஆத்தோரச் சூளையில ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"இன்னைக்கு ஒரு நாள் பொறு. என்ன ஆச்சுன்னு பார்த்துடறேன்."

"பார்த்தா? கரைஞ்ச கல்லு எழுந்து நிக்குமா?" அச்சுக்காரி நிமிர்ந்தாள். குனிந்தே வேலை செய்து, நிமிர்வதற்கே அவளுக்கு ஒரு கை தேவைப்பட்டது. "நேத்து பொழுது சாயும்போது எங்க வீட்டுக்காரர் கேட்டாரு, மேகம் சரியில்லையே, மூடிடலாமான்னு. நான்தான், அக்கா பெட்டியைப் பார்த்துச் சொல்லிட்டாங்க, பேசாம படுன்னு அடக்கினேன். உங்களை நம்பி என் புருஷன் வாயை அடைச்சேன்க்கா."

அந்த வார்த்தை மருமகளைக் குத்திக் கிழித்தது. அச்சுக்காரியும் அவள் புருஷனும் லாரி ஏறிவிட்டால், அந்தக் களத்தில் இனி அவள் பேச்சை ஒரு நாய்கூடக் கேட்காது. அடுப்படிக்குப் போ என்று மாமனார் வாய் விட்டுச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. கால் தானாக அங்கே போய்விடும். லாரி வருவதற்குள் தெரிய வேண்டும், தவறு பெட்டியிலா, தன்னிடமா என்று. கோபம் இருந்தது. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

கூடத்துக்கு வந்தாள். பெட்டி எரிந்துகொண்டுதான் இருந்தது. மணி காட்டியது. வீட்டுக்குள் எவ்வளவு சூடு என்று காட்டியது. வெளியே என்ற இடத்தில் மட்டும் கோடு கோடாக இருந்தது. அதன் ஓரத்தில் காலிப் பேட்டரிப் படம் ஒன்று விட்டு விட்டு மின்னியது.

அவளுடைய புருஷன் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் களத்தில் பேர் உண்டு: 'அப்புறம்'. எதைக் கேட்டாலும் அவன் வாயில் முதலில் வருவது அதுதான். நல்லவன், யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லமாட்டான், அப்பா எதிரில் குரல் உயராது, பெண்டாட்டி எதிரிலும் உயராது. இப்படிப்பட்ட நல்லவர்கள் ஒரு வீட்டுக்கு எவ்வளவு கெடுதல் செய்ய முடியும் என்பது கல்யாணம் ஆகிற அன்றைக்குத் தெரிவதில்லை.

"கோடு கோடா காட்டுதுங்க."

"கரண்டு போயிருக்கும்."

"கரண்டு போனா மணி எப்படிக் காட்டும்?"

"அப்புறம் பார்த்துக்கலாமே. மொதல்ல டீயைக் குடி, ஆறுது."

டீ ஆறட்டும் என்று விட்டுவிட்டு அவள் பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். காலிப் பேட்டரிப் படம் நேற்று முளைத்ததல்ல. சில நாளாகவே வந்து வந்து போனது. காற்று என்ற இடத்தில் பல நாளாகச் சுழியம்தான். காற்று அடங்கிக் கிடக்கிறது என்று நினைத்தாள். இருந்தாலும் அப்போதே ஒரு நாள் சந்தேகம் வந்து, "கொஞ்சம் மேல ஏறிப் பார்த்துட்டு வாங்க" என்று புருஷனிடம் சொன்னாள். அவளே ஏறியிருப்பாள். பொம்பளை ஏறினால் தகரம் உடையும் என்பது மாமனார் சட்டம். மகன் அவளைப்போல இரண்டு மடங்கு எடை, அவன் ஏறினால் உடையாதாம். புருஷன் ஏறினான், இறங்கினான். "பார்த்துட்டேன். எல்லாம் சரியா இருக்கு" என்றான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. வெளியே சரி என்றால் கோளாறு உள்ளேதான் இருக்க வேண்டும்.

அதனால் இப்போது உள்ளே தேடினாள். அடாப்டரைப் பிடுங்கி அந்த இடத்தில் போன் சார்ஜரைச் செருகினாள், போன் ஏறியது. அடாப்டரைத் தொட்டாள், இளஞ்சூடாக உயிரோடுதான் இருந்தது. பெட்டிக்குப் போகும் பின்னை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள், விளக்கு அசையவில்லை. பெட்டியைக் கவிழ்த்து முதுகு மூடியைத் திறந்தாள். உள்ளே பேட்டரிகளில் ஒன்று சிவப்பு, மற்றவை நீலம். சிவப்பின் நுனியில் பச்சையாகத் துரு பூத்திருந்தது.

"இது சுவர்க் கடிகாரத்துல இருந்ததுதானே? இதுல இருந்த புதுசு எங்க?"

"டார்ச்சு மங்கலா எரிஞ்சுது. அதான் ஒண்ணே ஒண்ணு…"

"பழசையும் புதுசையும் கலந்து போடாதீங்க, பழசு புதுசையும் சேர்த்துச் சாகடிக்கும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"வெயில்ல வச்சு எடுத்துத்தான் போட்டேன்."

"வெயில்ல வச்சா உயிர் வந்துடுமா? அப்படின்னா உங்களையும் கொண்டு போய் வெயில்ல வைக்கணும்!"

வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்கு அவன் முகம் சுருங்கும். அன்று சுருங்கவில்லை. தலையைக் குனிந்து, திட்டையெல்லாம் தாராளமாக வாங்கிக்கொண்டான். "தப்பு என் மேலதான், நானே போய் வாங்கிட்டு வர்றேன்" என்று செருப்பை மாட்டினான். தெருமுனைக் கடைக்குப் போனால் வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் நின்று பேசி, போன காரியத்தை மறந்து வருகிறவன், டீ டம்ளரைக் கழுவுவதற்குள் பேட்டரியோடு வந்து நின்றான். இரண்டு ஜோடி கூடுதலாகவே வாங்கியிருந்தான்.

கத்தி முனையால் துருவைச் சுரண்டினாள். புதுசைப் போட்டு மூடினாள். கோடு கோடாகவே இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: சுவரிலிருந்து கரண்டு வருகிறவரை இந்தப் பேட்டரிக்கு வேலையே இல்லை. ராத்திரி கரண்டு போகவும் இல்லை. ஐஸ்பெட்டியில் ஐஸ் உருகவே இல்லை. அந்தக் காலிப் பேட்டரிப் படமும் வெளியே என்ற கட்டத்துக்குள்தான் மின்னுகிறது. ஆத்திரத்தில் அதைக்கூடக் கவனிக்கவில்லை. காலை முழுக்கச் செய்த வேலை வீண்.

"மேல ஏறிப் பார்க்கறேன்" என்று எழுந்தாள்.

"நீ எதுக்கு? நான் ஏறறேன்." அவன் அவளுக்கு முன்னால் வாசலில் நின்றான். "இப்பவே ஏறறேன்."

அவள் நின்றுவிட்டாள். இப்பவே என்ற சொல்லை அவன் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. குழந்தைக்கு ஜுரம் வந்த நாளில்கூடக் கேட்டதில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் ஏணியைப் பார்த்தான்.

"ஏணியைப் பிடிங்க. நான்தான் ஏறறேன்."

மிச்சப் பேட்டரியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். தகரம் முனகியது, உடையவில்லை. மேலே நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றாள்.

கம்பத்தின் தலையிலிருந்து கழுத்து வரைக்கும் நீலத் தார்ப்பாய்த் துண்டு. குளிருக்குப் போர்த்திய நோயாளியைப் போலச் சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. சுழல வேண்டிய கிண்ணங்கள் உள்ளே அமுங்கிக் கிடந்தன. விடியற்காலை களத்தையே கரைத்த மழையில் ஒரு சொட்டுகூடப் புனலில் விழவில்லை. சூரியத் தகடு எத்தனை நாளாக வெயிலைப் பார்க்கவில்லையோ! முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நெஞ்சில் எரிந்தது.

முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. முடிச்சு மேல் முடிச்சு, அதன் மேல் இன்னொரு முடிச்சு. நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். கடைசியில் பல்லால் கடித்து இழுத்தாள். வாயெல்லாம் மண் ருசி. போர்வை விலகியதும் கிண்ணங்கள் ஒரு தடவை நடுங்கிவிட்டு மெதுவாகச் சுற்றின. வயிற்று மூடியைத் திறந்து, செத்த பேட்டரியை எடுத்துவிட்டுப் புதுசைப் போட்டாள். சின்னதாகச் சிவப்பு விளக்கு ஒன்று கண் சிமிட்டியது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அண்ணாந்து பார்க்கவே இல்லை.

இறங்கி வந்து நேராகக் கூடத்துக்குப் போனாள். வெளிப் பாதிக்கு முதலில் உயிர் வர வேண்டும், பிறகுதான் பெட்டிக்கு. அந்த வரிசையில் செய்தால்தான் இரண்டும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும். பெட்டியின் பிளக்கையும் பேட்டரியையும் எடுத்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி போட்டாள். காத்திருந்தாள். கோடுகள் போய் எண்கள் வந்தன. வெளியே காற்று இருந்தது. பெட்டி அதைச் சொன்னது. பெட்டி மேல் ஒரு குற்றமும் இல்லை.

தார்ப்பாய்த் துண்டையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு களத்துக்கு நடந்தாள். அதற்குள் லாரி வந்து நின்றிருந்தது. அச்சுக்காரியின் மூட்டைகள் குடிசை வாசலில் தயாராக இருந்தன. புருஷன் கொஞ்சம் தள்ளிப் பின்னால் வந்தான்.

"இதை யாரு கட்டினது?" என்று இரண்டையும் கீழே போட்டாள்.

"நான்தான்" என்றார் மாமனார், கொஞ்சமும் தயங்காமல். "மேகம் கட்ட ஆரம்பிச்ச அன்னைக்கே சூளைக்காரப் பையனைத் தூக்கிவிடச் சொல்லி ஏறிக் கட்டிட்டு வந்தேன். அதுக்கென்ன இப்ப? விலை உசந்த சாமான், மழையில நனைஞ்சா பாழாப் போகாதா?"

 அச்சுக்காரியின் புருஷன் 'புக்' என்று சிரித்துவிட்டான். "மழை வருதான்னு பார்க்கிற சாமானை, மழை படாம மூடிட்டீங்களா பெரியவரே!"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று சொல்ல மாட்டேன், குற்றம்தான். ஆனால் அது பச்சைக்கல்லோடு கிடந்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய குற்றம். மேகத்தைப் பார்த்தால் அவர் கை தார்ப்பாயைத் தேடும். விறகை மூடுவார், சைக்கிளை மூடுவார். ஒரு தடவை வாசல் கட்டிலில் தூங்கிய சம்பந்தியையும் சேர்த்து மூடியிருக்கிறார்.

"மூடக் கூடாதுன்னு எனக்கு யாரு சொன்னா? நீ சொன்னியா?" அவர் மருமகளிடம் பாய்ந்தார்.

"உங்க பிள்ளைகிட்ட சொல்லி அனுப்பினேன் மாமா. அது வீட்டுக்கு வந்த அன்னைக்கே. மாமா தார்ப்பாயும் கையுமா திரியறவரு, இதை மட்டும் மூட வேணாம்னு சொல்லிடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்" என்றான் அப்புறம்.

இத்தோடு நின்றிருந்தால் அவள் விழுங்கியிருப்பாள். எத்தனையோ அப்புறங்களை விழுங்கிய வயிறு அது. மாமனார்தான் கீழே கிடந்த கயிற்றை எடுத்தார். அவிழ்த்த பிறகும் முறுக்கிக்கொண்டு நின்ற இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது என் முடிச்சு இல்லையே."

அந்தக் களத்தில் எல்லோரும் ஒரே முடிச்சுத்தான் போடுவார்கள். ஒரு கையால் இழுத்தால் அவிழ்ந்துவிடும். மழை வரும்போது முடிச்சோடு மல்லுக்கட்ட யாருக்கும் நேரம் கிடையாது.

"நான் கட்டினா ஒரே இழுப்புல வந்துடும். இப்படி முடிச்சு மேல முடிச்சு போடறவன் இங்க ஒருத்தன்தான். சின்ன வயசுலேருந்து சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு." அவர் மகனைப் பார்த்தார்.

அவளும் பார்த்தாள்.

"அன்னைக்கு ஏறிப் பார்த்தீங்களே…"

"காத்துல அவுந்து தொங்கிக்கிட்டிருந்துச்சு" என்றான். குரல் தரையில் விழுந்தது. "அப்பா கட்டினதாச்சேன்னு…"

"திரும்பக் கட்டினீங்களா?"

"எடுத்தா அப்பா சத்தம் போடுவாரு. எடுக்காம வந்து சொன்னா நீ சத்தம் போடுவே. எதுக்கு வம்புன்னு…"

"எதுக்கு வம்புன்னு இறுக்கிக் கட்டிட்டு வந்து, எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னே." அவள் அவன் எதிரில் போய் நின்றாள். "காலையிலேருந்து பிளக்கைப் பிடுங்கறேன், துருவைச் சுரண்டறேன், பக்கத்துலயே நின்னு வேடிக்கை பார்த்தே. பேட்டரிக்காகக் கடைக்கு ஓடினே. இவ மூட்டை கட்டறா, அதையும் பார்த்தே. உங்கப்பா என்னை நடுக்களத்துல வச்சுக் கேட்டாரு, அதையும் பார்த்தே. ஒரு வார்த்தை… ஒரே ஒரு வார்த்தை சொல்ல உன் வாய்க்கு என்ன கேடு? பொய் சொன்னியேடா!"

கல்யாணமாகி வந்த நாளாக நீங்க, வாங்க என்று மட்டுமே பேசியவள். லாரி டிரைவர்கூட பீடியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"ஏம்மா, புருஷனை நாலு பேர் எதிரில…" என்று மாமனார் ஆரம்பித்தார்.

"நீங்க பேசாதீங்க மாமா. மூடறதுக்கு முன்னாடி, இதை மூடலாமாம்மான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மருமகளைக் கேட்டா கௌரவம் கொறைஞ்சுடும். கல்லு கரைஞ்சா பரவாயில்ல!"

 அந்தக் குடும்பத்தில் மன்னிப்புக் கேட்டு யாருக்கும் பழக்கமில்லை. அவர் சுவரில் சாய்ந்திருந்த மண்வெட்டியை எடுத்து, யாரையும் பார்க்காமல், கரைந்து கிடந்த மண்ணை வழித்துக் குவிக்க ஆரம்பித்தார்.

அச்சுக்காரி மூட்டையைக் கீழே வைத்தாள். போய்த் தன் அச்சை எடுத்துக்கொண்டு வந்து அப்புறத்தின் கையில் திணித்தாள்.

"பிடிங்க. மண்ணு எங்கேயும் போயிடல, இங்கேயேதான் கெடக்கு. என் கல்லு எனக்குத் திரும்பி வரணும். அறுங்க."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தில் அவனுக்கு உதவியாக எதுவும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தான்.

"நீ இருப்பியா?" என்று அவள் அச்சுக்காரியிடம் கேட்டாள். கோபமெல்லாம் போய் அந்தக் கேள்வியில் பயம் மட்டும் இருந்தது.

அச்சுக்காரி வீட்டுப் பக்கம் பார்த்தாள். "இருக்கேன். ஆனா ஒண்ணு. பெட்டியை என் குடிசையில வைக்கணும். உங்க வீட்டுல அதுக்கு ஆயிரம் பேர் நாட்டாமை. என் கல்லுக்கு என் காது முழிச்சிருக்கட்டும்."

மருமகளுக்கு வலித்தது. ராத்திரியெல்லாம் பாதித் தூக்கத்தில் அந்தப் பெட்டிக்குக் காது கொடுத்தவள் அவள்தான். அது போனால் அறிக்கை என்ற பேரும் போகும். கேலிக்கு வைத்த பேர்தான். ஆனாலும் அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். ஆனால் அச்சுக்காரி கேட்டதில் தப்பு எங்கே இருக்கிறது? தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

வீட்டுக்குப் போய்ப் பெட்டியையும் அடாப்டரையும் எடுத்து வந்து, குடிசையில் இருந்த ஒரே பிளக்கில் செருகினாள். பேட்டரி எப்போது மாற்ற வேண்டும், எந்தப் பாதிக்கு முதலில் போட வேண்டும், படம் மின்னினால் என்ன அர்த்தம், எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். அச்சுக்காரி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். "மேல ஏறிப் பார்க்கணும்னா நாமே ஏறுவோம்க்கா" என்றாள்.

வெளியே வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. லாரி மண்ணை இறக்கிவிட்டுக் காலியாகப் போய்விட்டது. அச்சுக்காரியின் புருஷன் மண்ணை மிதித்துக் கொடுக்க, அப்புறம் அச்சில் அடித்து, தரையில் தட்டி எடுத்தான். மூலை உடைந்து வந்தது.

"கோணல். அழிங்க" என்றாள் அச்சுக்காரி.

அழித்தான். அடுத்ததும் கோணல். அதையும் அழித்தான். முதுகில் வியர்வை வழிந்தது; முழங்கை வரை சேறு. ஒரு வரிசை ஒருவழியாக நேராக வந்ததும் நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மனைவியைத் தேடினான். அவள் கீழே கிடந்த தார்ப்பாய்த் துண்டையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"போதுமா? மன்னிச்சுட்டியா?" என்று கேட்டான்.

அவள் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.